துக்கம் கேட்க வருகிறவர்

பொங்கலூர்
9 ஆகஸ்ட் 2024

திரு. சுரேந்தர் அவர்களுக்கு,

வணக்கம். கைபேசியை நான் அணைத்து வைத்திருப்பது துக்கத்தினால் அல்ல. தாங்கள் வாயால் சொன்னதைத் தாங்களே மறுநாள் இல்லை என்பதை, தங்களிடம் வேலை பார்த்த இத்தனை ஆண்டுகளில் போதுமான அளவு கண்டுவிட்டேன். ஆகவே இந்த விஷயம் தாளில் மட்டும் நடக்கட்டும். தங்கள் ஓட்டுநர் ஆத்தப்பன் கொண்டுவந்து கொண்டுபோவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நேற்று மாலை அவர் எங்கள் காலனி முகப்பில் காரை நிறுத்திவிட்டு நடந்து வந்தார். என் அம்மாவின் புகைப்படம் ஒன்று வேண்டும் என்றார்.

"பெரிசாப் பண்ணி, சட்டம் போட்டு, ஓனரு தோட்டத்து ஊட்டுக் கூடத்துல மாட்டோணுமாமுங்க."

எதற்கு என்று கேட்டேன்.

"நெல்லூர்க்காரரு துக்கம் கேக்க வர்றாராமுங்க. அவரு இங்க வரப்படாதாம். உங்கம்மா அந்த ஊட்லயே இருந்து செத்த மாதிரி..." என்று தொடங்கியவர், மேலே சொல்ல முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சொல்லக் கூசுகிற வேலையைத் தாங்கள் எப்போதும் சம்பளக்காரர்களிடம்தான் கொடுப்பீர்கள்.

நான் புரிந்துகொண்டது சரிதானா என்று தாங்களே பார்த்துக்கொள்ளுங்கள். என் தாய் ஆயம்மாள் போன வெள்ளிக்கிழமை இறந்தார். ஊருக்குக் கிழக்கே காலனியில், எங்கள் வீட்டில் இறந்தார். வாய்க்காலுக்கு அப்பால் எங்கள் மக்களுக்கென ஒதுக்கிய மயானத்தில் அடக்கம் செய்தோம். தாங்கள் வரவில்லை. ஒரு மாலையை அனுப்பினீர்கள். அதுவும் வாசலுக்கு வராமல் பேருந்து நிறுத்தத்தோடு நின்றுவிட்டது.

நெல்லூரில் மொத்தக்கடை வைத்திருக்கும் பொன்னுச்சாமி ஐயா, நம் பனியன் சரக்கில் ஏறத்தாழப் பாதியை வாங்குகிறவர், என்மேல் உள்ள அன்பினால் நேரில் வந்து துக்கம் கேட்க விரும்புகிறார். அவர் பல ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருப்பது, நான் தங்கள் பெரியப்பா மகன் என்று. தங்கள் சாதி, தங்கள் குலக் கூட்டம், தங்கள் பங்காளி என்று. அந்த நம்பிக்கையை அவருக்கு ஊட்டியவர் தாங்கள். அதைக் காப்பாற்ற, என் தாய் இப்போது தங்கள் பெரியம்மாவாகத் தங்கள் வீட்டில் இறந்திருக்க வேண்டும்.

என் அம்மா முப்பது ஆண்டு தங்கள் வீட்டு மாட்டுக்கொட்டத்தில் சாணி வழித்தவர். தங்கள் வீட்டுக் கூடத்தின் தரை என்ன நிறம் என்று அவருக்குத் தெரியாது. உயிரோடு இருந்தவரை வெளியே நிறுத்திவிட்டு, இப்போது படமாக உள்ளே அழைக்கிறீர்கள்.

மறுக்கிறேன்.

இப்படிக்கு,
ரா. செல்வக்குமார், எம்.ஏ.,
விற்பனை மேலாளர்


திருப்பூர்
10.8.2024

செல்வா,

போன்ல ரெண்டு நிமிசத்துல முடியற விசயத்துக்கு லெட்டர் எழுத வெச்சுட்டே. உன்னாட்ட எனக்கு எழுத வராது. பேசற மாதிரியே எழுதறேன், தப்பா எடுத்துக்காதே.

அம்மா போனதுல எனக்கு வருத்தம் இல்லைன்னா நெனைக்கறே? சின்ன வயசுல நான் கொட்டத்துப் பக்கம் ஓடினா, "சாமி, கால்ல ஆணி குத்தீருமுங்க"ன்னு கத்தற சத்தம் இன்னும் காதுல இருக்குது. வரோணும்னுதான் இருந்தேன். ஊருக்குள்ள நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க, அதான்.

பொன்னுச்சாமியண்ணனை நானாக் கூப்பிடலே. வேண்டாமுங்க, போன்லயே கேட்டுட்டாப் போதும்னு எத்தனையோ சொல்லிப் பாத்தேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? "ஏனுங்க சுரேந்தரு, என்ர சம்சாரம் செத்தப்ப அந்த மனுசன் திருப்பூர்ல இருந்து ஓடி வந்து, காரியம் முடியறவரைக்கும் எங்கூடயே பட்டினி கெடந்தாரு. அவங்கம்மா எழவுக்கு நான் போன்ல பேசறதுங்களா? நான் மனுசனுங்களா?" அப்படீன்னு கேக்கறாரு. கண்ணு ஆபரேசன் பண்ணின மனுசன். டாக்டரு பயணம் வேண்டாம்னு சொல்லியும் கேக்கலை.

அத்தனையும் நீ பண்ணின வேலைதான் செல்வா. திருப்பூர்ல எத்தனை கம்பெனி இருக்குது, எவனுக்கு இப்படி ஒரு பார்ட்டி இருக்குது? சரக்கை விக்காதே, ஒறவை வில்லுன்னு நான் சொன்னேன். நீ செஞ்சு காமிச்சே. என் பையன் ரித்தீசு புதுசா வர்ற பசங்களுக்கு கிளாஸ் எடுக்கறப்ப உன்ர பேரைத்தான் சொல்றான்.

ஒரு மணி நேரம். அவரு வருவாரு, கையைப் புடிச்சு அழுவாரு, காபி குடிப்பாரு, போயிருவாரு. எங்கம்மாவை ஒத்துக்க வெக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போச்சு. நீயும் முறுக்கிக்காதே.

போட்டோவை ஆத்தப்பன்கிட்டக் குடுத்து உடு.

சுரேந்தர்


பொங்கலூர்
11 ஆகஸ்ட் 2024

திரு. சுரேந்தர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. உறவை விற்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எந்த உறவு என்பதை நினைவூட்டக் கடமைப்பட்டிருக்கிறேன்.

2002ஆம் ஆண்டு நாம் இருவரும் நெல்லூரில் அந்தக் கடைப்படி ஏறினோம். சாம்பிள் பையை நான் தூக்கி வந்தேன். பொன்னுச்சாமி ஐயா பனியனைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஊரை விட்டு வந்து தெலுங்கு நாட்டில் கடை போட்டவர், நம் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்து, முதலில் தங்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நமக்கு எந்த ஊருங்க? என்ன கூட்டமுங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன். தாங்கள் என் தோளில் கை போட்டீர்கள். அதற்கு முன்னும் அதற்குப் பின்னும் தங்கள் கை என்மேல் பட்டதில்லை. "நம்ம பங்காளிங்க. எங்க பெரியப்பன் பையன். எம்.ஏ. படிச்சவரு" என்றீர்கள். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்படிங்களா மாப்ளே, வாங்க, சாப்பிட்டுட்டு அப்பறம் துணியப் பாக்கலாம்" என்றார்.

அன்று மதியம் அவர் மனைவி என் இலையில் மூன்று முறை சோறு போட்டார். ஒவ்வொரு முறையும் நான் தங்கள் முகத்தைப் பார்த்தேன். தாங்கள் ரசத்தில் கவனமாக இருந்தீர்கள்.

திரும்பும் ரயிலில் இதைப் பற்றிப் பேச முற்பட்டேன். "ஒரு தடவைதானே செல்வா, அடுத்த ஆர்டருக்கு வேற ஆளை அனுப்பிக்கலாம்" என்றீர்கள். அடுத்த ஆர்டருக்கு அவர் என்னைத்தான் கேட்டார். அதற்கடுத்ததற்கும் என்னைத்தான் கேட்டார். காதர்பேட்டை அலுவலகத்தில் அவர் வந்து உட்கார்ந்தால் நான் தங்களுக்குப் பங்காளி, தங்கள் எதிரே நாற்காலி. அவர் கார் திரும்பிய மறுகணம் நான் செல்வா. நாற்காலி அதே இடத்தில்தான் இருக்கும். நான்தான் எழுந்துவிடுவேன்.

என் மகள் யாழினியின் திருமணத்திற்கு அவரை நான் அழைக்கவில்லை. அழைப்பிதழில் என் தந்தை பெயரும் எங்கள் தெருவும் இருந்தன. கோயிலில் எளிமையாக முடித்துவிட்டோம் என்று பொய் சொன்னேன். ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. பிறகு பட்டுச் சேலையும் குத்துவிளக்கும் அனுப்பி, "என்ர மருமவளுக்கு" என்று எழுதியிருந்தார். யாழினி அந்தச் சேலையை இன்னும் உடுத்தவில்லை. "யாருக்கோ வந்ததுங்கப்பா இது" என்று மடித்து வைத்துவிட்டாள்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர் என் அம்மாவோடு தொலைபேசியில் பேசுவார். முழங்கால் வலிக்கு நெல்லூரிலிருந்து தைலம் அனுப்புவார். போன தை மாதம் பேசி முடித்ததும் அம்மா என்னிடம் கேட்டார்: "ஏன் கண்ணு, அந்தச் சாமி இத்தனை பாசமாப் பேசுதே. நெசம் தெரிஞ்சு வந்தா, நம்மூட்ல ஒரு வாய் தண்ணி குடிக்குமா?"

தைலத்தைத் தேய்த்துவிட்டேன்.

அவர் துக்கம் கேட்க வந்தால் என் தாய் இறந்த வீட்டுக்கு வரட்டும். அதுவே என் முடிவு.

ரா. செல்வக்குமார்


திருப்பூர்
12.8.2024

செல்வா,

சரி. வரட்டும். உங்கூட்டுக்கே வரட்டும்.

வந்து என்ன ஆகும்னு யோசிச்சியா? அவரு கோவப்படற ஆளு இல்லை. ஒரு வார்த்தை பேசாமத் திரும்பி நடப்பாரு. அடுத்த மாசம் நான் ரெண்டு லைனை நிறுத்தோணும். அங்க தைக்கறது யாரு? முக்காவாசி உங்க காலனிச் சனம். உன் மச்சினிச்சி சத்யப்பிரியா செக்கிங்ல இருக்குதே, அதுகிட்ட நீயே போயிச் சொல்லு, "எங்கம்மா போட்டோவை ஒரு மணி நேரம் மாட்ட எனக்கு மனசு வரலே, அதனால உனக்கு வேலையில்லை"ன்னு.

இன்னொண்ணு. நான் பொய் சொன்னது ஒரே ஒரு தடவை. நீயே எழுதியிருக்கறே. அதுக்கப்பறம் வருசக்கணக்கா "ஆமாங்க மாமா, சரீங்க மாமா"ன்னது ஆரு? அவரு சம்சாரம் பரிமாறினதைச் சாப்பிட்டது ஆரு? அந்தம்மா செத்தப்ப சொந்தபந்தத்தோட ஒறம்பரையா முன்னால நின்னது ஆரு? என்னை அவரு வியாபாரின்னு நெனைச்சு உட்டுருவாரு. உன்னை என்னன்னு நெனைப்பாரு? என்னைய விட உனக்குத்தான் போறது ஜாஸ்தி.

ஞாயித்துக்கெழமை காத்தால வர்றாரு. யோசிச்சுக்க.

சுரேந்தர்


பொங்கலூர்
14 ஆகஸ்ட் 2024

திரு. சுரேந்தர் அவர்களுக்கு,

'ஆமாங்க மாமா' என்றது யார் என்று தாங்கள் கேட்டதை மறுக்க நேற்று முழுவதும் சொல் தேடினேன். கிடைக்கவில்லை. எங்கே பிடித்தால் அசைய முடியாது என்பது தங்களுக்குத் தெரிகிறது. அது வியாபாரத்தில் தாங்கள் பெற்ற தேர்ச்சி.

ஞாயிறு காலை படத்தை நானே கொண்டுவருகிறேன். அதை ஆத்தப்பனோ வேறு யாருமோ தொட வேண்டாம். தரையில் சாய்த்து வைக்கக் கூடாது, ஆணியில் மாட்ட வேண்டும். மாலையை நான் வாங்கி வருவேன். தங்கள் வீட்டில் யாரும் அழ வேண்டாம், அழுவதாகக் காட்டவும் வேண்டாம். அன்று மாலையே படம் என்னோடு வீடு திரும்பும்.

ரா. செ.


திருப்பூர்
19.8.2024

செல்வா,

கார்ல அவருகிட்ட என்ன சொன்னே? நெசத்தைச் சொல்லு.

ஞாயித்துக்கெழமை எல்லாம் நல்லபடியாத்தான் முடிஞ்சுது. நல்லாத் தூங்கினேன். இன்னிக்குக் காத்தால போன் வருது. சரக்கைப் பத்திப் பேசுவாருன்னு எடுத்தா, "ஏனுங்க சுரேந்தரு, அந்த ஊட்டைப் பாத்ததுல இருந்து எனக்கு மனசே சரியில்லீங்க"ங்கறாரு. என்னங்கண்ணான்னு கேட்டேன். "மூத்தவரு பையன் சாம்பிள் பையைத் தூக்கிட்டு ரயில்ல அலையறாரு, எளையவரு பையன் மொதலாளியா உக்காந்திருக்கறீங்க. அது எப்படிங்க? பங்கு பிரிச்சீங்களா? பிரிச்சிருந்தா அவரு பங்கு எங்க?" அப்படீங்கறாரு.

எனக்குத் தலை சுத்திப் போச்சு. அது பழைய கதைங்க, அவங்கப்பாரு எழுதிக் குடுத்துட்டாருங்கன்னு எதையோ ஒளறினேன். "வெவரம் தெரியாத மனுசன்கிட்ட எழுதி வாங்கியிருப்பீங்க"ன்னுட்டாரு. ரெண்டு வாரத்துல திரும்பி வர்றாராம். பெரியவங்க நாலு பேரை வெச்சுப் பேசி, உன்னைக் கம்பெனியில பங்குதாரரா எழுதினாத்தான் அடுத்த ஆர்டராம். வேற கம்பெனிக்காரன் வாசல்ல நிக்கறான், ஆனா என்ர மாப்ளைக்காகப் பொறுத்திருக்கறேன்னு சொல்றாரு.

பாத்தியா, இதுல நீ என்னமோ பண்ணியிருக்கறே.

சுரேந்தர்


பொங்கலூர்
20 ஆகஸ்ட் 2024

திரு. சுரேந்தர் அவர்களுக்கு,

காரில் நான் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் நடந்தது.

முதலில் வீட்டுக்குள் நடந்ததைச் சொல்கிறேன். தாங்களும் இருந்தீர்கள், ஆனால் தாங்கள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பொன்னுச்சாமி ஐயா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. படத்துக்கு முன்னால் போய் நின்றார். பிறகு, குனியக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்த அந்த மனிதர், தங்கள் வீட்டுத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். என் அம்மாவுக்கு முன்னால் விழுந்தார். அந்தத் தரை சிவப்பு நிறம். அன்றுதான் நானும் பார்த்தேன்.

எழுந்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. என் கண்ணில் நீர் வந்தது. அது அம்மாவுக்காகவா, அவருக்காகவா, என்மேல் வந்த அருவருப்பினாலா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. யாரும் அழக் கூடாது என்று எழுதியவன் நான்.

தங்கள் தாயார் ரங்காத்தாள் அம்மையார் உள்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஐயா அவரிடம் திரும்பி, "ஏனுங்கம்மிணி, எத்தனை வருசம் ஒண்ணா இருந்திருப்பீங்க. எப்படிப்பட்டவங்க அவங்க?" என்று கேட்டார். தாங்கள் பதறி எழுந்தீர்கள். அம்மையார் சொன்னார்: "சொன்ன வேலையைச் செய்வா. எதுத்துப் பேசமாட்டா."

ஐயா தலையை ஆட்டிக்கொண்டார். "ஓரகத்தியைப் பத்தி இப்படிப் பெருமையாச் சொல்ற பொம்பளையை நான் எங்கயும் பாத்ததில்லீங்க" என்றார்.

அடக்கம் செய்த இடத்தைப் பார்த்துப் பால் ஊற்ற வேண்டும் என்று அவர் கேட்டதும், தாங்கள்தான் முந்திக்கொண்டு, "நம்ம தோட்டத்துலதானுங்க, மழையில சேறாக் கெடக்குது, அடுத்த தடவை பாக்கலாமுங்க" என்றீர்கள். என் அம்மாவைத் தங்கள் தோட்டத்தில் புதைத்ததும் தாங்களே.

ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் அவர் கேட்டார். "மாப்ளே, இவ்ளோ பெரிய ஊடு, தோட்டம், பேக்டரி. நீங்க மட்டும் ஏன் சம்பளத்துக்கு நிக்கறீங்க?" நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். பார்ட்டி மனம் சங்கடப்படும் இடத்தில் வாயைத் திறக்காதே என்று தாங்கள்தான் பழக்கினீர்கள். ஏமாற்றப்பட்டவன் மானத்தோடு மௌனம் காக்கிறான் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஒருவகையில் அவர் எடுத்துக்கொண்டது தவறில்லை.

அவருடைய ரயில் தாமதமாக வந்ததால், மறுநாள் காலைதான் படத்தை எடுக்கத் தங்கள் வீட்டுக்கு வந்தேன். கூடம் ஈரமாக இருந்தது. மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவியிருந்தார்கள். ஆணி வெறுமனே இருந்தது. படத்தைக் கேட்டதும் வேலைக்கார அம்மா கையை நீட்டிக் காட்டினார். மாட்டுக்கொட்டத்துச் சுவரில் சாத்தி வைத்திருந்தார்கள், முகம் சுவரைப் பார்த்து. மாலை குப்பைக்குழியில் கிடந்தது.

அவருடைய இடம் எது என்பது தங்கள் வீட்டாருக்கு ஒருநாளும் மறக்கவில்லை. துடைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பங்கு குறித்து: நான் கேட்கவில்லை. பங்காளி என்றீர்கள். அந்தச் சொல்லோடு என்னென்ன வரும் என்று நம் பக்கத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். தங்களுக்கு மட்டும் அது சாம்பிள் பையில் வைக்கிற துணி போலத் தோன்றியிருக்கிறது.

ரா. செல்வக்குமார்


திருப்பூர்
24.8.2024

அன்புள்ள பங்காளி செல்வக்குமார் அவர்களுக்கு,

நாலு நாளாத் தூக்கமில்லை. கோவத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வெச்சுட்டு இதைப் படிக்கோணும்னு கேட்டுக்கறேனுங்க.

கூடம் கழுவினதுக்கு வேற அர்த்தம் எடுத்துக்காதீங்க. எழவு கேட்டுட்டுப் போனா எந்த ஊட்லயும் கழுவறதுதான். படத்தை அங்க வெச்சது எங்கம்மா பண்ணின வேலை. வயசானவங்க. நான் இருந்திருந்தா உட்டிருக்க மாட்டேன்.

ஆடிட்டர்கிட்டப் பேசிட்டேன். நெசமாவே எழுதறேனுங்க, கண்துடைப்பு இல்லை. உங்களுக்குக் கம்பெனியில சின்னதா ஒரு பங்கு. காதர்பேட்டை ஆபீஸ்ல தனி ரூம். ரயில் வேண்டாம், காரு. இத்தனை வருசம் ஒழைச்சதுக்கு இது உங்களுக்கு ஞாயமா வரவேண்டியதுதான். முன்னாடியே பண்ணியிருக்கோணும்.

அதுக்கு நீங்க பண்ண வேண்டியது ரெண்டே விசயமுங்க. படத்தை மறுபடியும் குடுக்கோணும். இந்தத் தடவை கூடத்துல நெரந்தரமா இருக்கட்டும், ஆரும் எடுக்க மாட்டாங்க, நான் பொறுப்பு. அண்ணன் வருசா வருசம் இந்த நாளுக்கு வருவேன்னு சொல்லியிருக்கறாரு.

இன்னொண்ணு, பால் ஊத்தற விசயம். தோட்டத்துல கெணத்து மேட்டுக்குப் பக்கத்துல, வேப்பமரத்தடியில, மண்ணைக் குமிச்சுச் சுத்தியும் கல்லுக் கட்டச் சொல்லியிருக்கறேன். கொத்தனாரு நாளைக்கு வர்றாரு. சின்னதா ஒரு கல்வெட்டு, அம்மா பேரு போட்டு. உங்களுக்கு எப்படி எழுதோணும்னு தோணுதோ அப்படியே எழுதிக்கலாம். நெசமாச் சொல்றேன், அந்த மயானத்துல மழை வந்தா மேடு எது பள்ளம் எதுன்னு தெரியாது. இங்க இருந்தா அந்த ஆத்மாவுக்கும் ஒரு மருவாதி.

யோசிச்சுப் பாத்தா நம்ம ரெண்டு பேருக்குமே வேற வழி இல்லீங்க. நீங்களும் வெளிய போக முடியாது, நானும் போக முடியாது. உள்ளயே சௌகரியமா இருந்துக்கலாம்.

ஒண்ணாந்தேதி காத்தால அண்ணன் வர்றாரு. போனை எடுங்க.

உங்கள்
சுரேந்தர்


பொங்கலூர்
31 ஆகஸ்ட் 2024

திரு. சுரேந்தர் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்துக்கு ஒரு வாரம் பதில் எழுதாமல் இருந்தேன். தங்கள் பேரத்தை நான் பரிசீலித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. தனி அறையை நினைத்துப் பார்த்தேன். அறைச் சுவரில் என் அம்மாவின் படத்தை மாட்டலாமா என்றுகூட நினைத்துப் பார்த்தேன். அங்கே மாட்டினாலும் அவர் தங்கள் பெரியம்மாவாகத்தான் மாட்டப்பட்டிருப்பார் என்பது அப்புறம்தான் உறைத்தது.

நேற்று வாய்க்கால் கரை வழியாக மயானத்துக்குப் போனேன். தாங்கள் சொன்னது உண்மை. மழையில் மேடு கரைந்திருக்கிறது. நான் அடையாளத்துக்கு நட்ட கிளுவைக் குச்சி துளிர்த்திருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் தங்கள் தோட்டத்து வேப்பமரம் தெரிகிறது. அதனடியில் தங்கள் கொத்தனார் கட்டிய புதுக் கல்லும் வெள்ளையாகத் தெரிகிறது. ஒருவருக்கு இரண்டு இடம். ஒன்றில் அவர் இருக்கிறார், மற்றதில் தங்கள் ஆர்டர் இருக்கிறது.

இரண்டு லைன் தையல்காரர்களைக் காட்டி எழுதினீர்கள் அல்லவா? தாங்கள் சொன்னபடியே சத்யப்பிரியாவிடம் போய்ச் சொன்னேன். அவள் டிபன் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "ஏன் மாமா, ஊரு பூராக் கம்பெனி வாசல்ல ஆள் தேவைன்னு போர்டு தொங்குது. நாங்க எங்கயோ போயிப் பொழைச்சுக்கறோம். எங்களைச் சாக்கு வெச்சா உனக்குப் பயமில்லைன்னு ஆயிருமா?" பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, குரலை இறக்கி, "அந்தாளு மூஞ்சியத் திருப்பிட்டுப் போனா உனக்குத் தாங்குமா மாமா? அதச் சொல்லு மொதல்ல" என்றாள்.

தாங்காது. தங்களுக்கு அவர் பார்ட்டி. எனக்கு, அம்மா போன பிறகு, நான் சாப்பிட்டேனா என்று முதலில் கேட்கிற ஒரே மனிதர். அவர் கேட்பது என்னிடமா, தாங்கள் உண்டாக்கிய அந்தப் பெரியப்பா மகனிடமா என்பது எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. அவர் சிரிக்கும்போதெல்லாம், எனக்கு அடுத்து உட்கார்ந்திருக்கும் யாரையோ பார்த்துச் சிரிப்பது போல இருக்கும். இருபது ஆண்டுக்கு மேல் அந்த ஆளோடு ஒரே சட்டைக்குள் இருந்துவிட்டேன். தாங்கள் கேட்பது, சாகும்வரை இருக்கும்படி. சௌகரியமாக.

நேற்று மாலை கைபேசியைத் திறந்தேன். அவரே அழைத்தார்.

"மாப்ளே, சாப்டீங்களா?"

"சாப்டனுங்க மாமா."

"பங்கு விசயத்தை நான் பாத்துக்கறேன், நீங்க வாயைத் தொறக்காதீங்க. அதுக்கு முன்னால அம்மாவை வெச்ச எடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க. சேறோ தண்ணியோ, பால் ஊத்தாம நான் திரும்ப மாட்டேன்."

"நானே டேசனுக்கு வர்றனுங்க மாமா. நேரா அங்கதான் போறோம்."

நான் சொன்னது அவ்வளவுதான். தொலைபேசியில் அதற்கு மேல் சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஆகவே நாளை காலை தாங்கள் காரை அனுப்ப வேண்டாம். பொங்கலூர் நிறுத்தத்தில் பேருந்தை விட்டு இறங்கினால், தங்கள் தோட்டத்துக்குப் போகும் தார்ச்சாலை மேற்கே திரும்பும். நாங்கள் கிழக்கே போவோம். வாய்க்கால் வரை மெதுவாக நடந்தால் கால் மணி நேரம் ஆகும். வழியில் காலனிப் பெயர்ப்பலகை இருக்கிறது. அவருக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறதாம். பலகையைப் படித்துவிட்டு அவர் என்னைப் பார்ப்பார். நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். பிறகு என்ன என்பது எனக்குத் தெரியாது. அவர் அங்கேயே திரும்பிவிடலாம். மயானம் வரை வந்துவிட்டுத் திரும்பலாம். எதுவானாலும் திங்கட்கிழமை காலை என் ராஜினாமா தங்கள் மேசையில் இருக்கும். பங்குப் பத்திரத்தையும் புதுக் கல்லையும் தாங்கள் என்ன செய்வதென்று தாங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கல்வெட்டில் பெயர் வெட்டியிருந்தால், அதை மட்டும் செதுக்கி எடுத்துவிடுங்கள்.

அம்மாவின் படம் எங்கள் வீட்டு முன்னறையில், அவர் படுத்திருந்த கட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கிறது. நம் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பாரா என்று அம்மா கேட்டதற்கு நாளைதான் பதில் தெரியும். என் மனைவி மைதிலி இன்று காலை செம்பைப் புளி போட்டுத் துலக்கி, தண்ணீர் நிறைத்து, தட்டுப் போட்டு மூடி வைத்திருக்கிறாள். "நாளைக்குத்தானே?" என்றேன். "நாளைக்கு வேற தண்ணி மாத்திக்கலாம்" என்றாள்.

இப்படிக்கு,
ஆயம்மாள் மகன்
செல்வக்குமார்